ஊதாத் தாளில் ஒரு வெள்ளைக் கோடு

அக்கா,

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஆசாரி வச்சிரப் பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறார். கோடை விடுமுறை. கால் உடைந்த பெஞ்சுகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு ஒட்டுகிறார்கள். ரிசல்ட் வேலையாக வந்த டீச்சர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் ஓடிவிட்டார்கள். எலும்பும் தோலும் சேர்ந்து கொதிக்கிற அந்த நாற்றத்தில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஊருக்கு அது நாற்றம், எனக்கு அது நீங்கள். "என்னங்க டீச்சர், கண்ணு எரியுதா? தள்ளி நில்லுங்க" என்றார் ஆசாரி. ஆமாம், எரிகிறது என்றேன்.

பங்குனியில் நீங்கள் போய்ச் சேர்ந்தது எனக்குச் சித்திரையில்தான் தெரிந்தது. மண்ணச்சநல்லூரில் உங்களிடம் படித்த பெண் ஒருத்தி பஸ்ஸில் சொன்னாள். மஞ்சள் காமாலையாம். ஒரு தடியனின் தோளெலும்பைப் பிளந்த மனுஷி, போயும் போயும் காமாலையிடம் தோற்றீர்களா? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பித்தளைச் செம்பைச் சுவரில் விட்டெறிந்தேன். என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "உங்க டீச்சரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு உங்களைப் பற்றிப் பேச வாய் கிடையாது. முதுகுதான் உண்டு.

நான் ஸயன்ஸ் டீச்சராக வந்து சேர்ந்தபோது நீங்கள் பூகோள டீச்சர். இரண்டு பேருக்கும் ஸ்ரீரங்கத்தில் வீடு, ஒரே டவுன் பஸ். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி பிடித்தவரின் மகள் நீங்கள். அந்தக் கை உங்களுக்கும் வந்திருந்தது. பஸ்ஸில் இடித்தவனுக்கு முழங்கை, வகுப்பில் தூங்குகிறவளுக்குச் சாக்பீஸ், பொய் சொல்கிறவளுக்கு அறை. கை முந்திக்கொள்ளும், வாய் அப்புறம்தான் வரும். எனக்கு உங்களைப் பிடித்ததற்கும் அதுதான் காரணம். பயம் வந்ததற்கும் அதேதான்.

அந்த நாளில் உங்கள் பாடத்துக்கான புத்தகம் கோட்டைப் பக்கத்தில் ஒரே ஒரு கடையில்தான் கிடைத்தது. முதலாளியே அச்சுப் போட்டவன். புத்தகத்தை மட்டும் தனியாகக் கொடுக்க மாட்டான். தான் போட்ட நோட்ஸையும் அதோடு சேர்த்துச் சணலால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பான். ரெண்டையும் வாங்கு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு. ரயில்வே கலாசி வீட்டுப் பெண்ணும் ரைஸ்மில் கூலி வீட்டுப் பெண்ணும் எங்கே போவார்கள்? வகுப்பில் பாதிப் பேர் கையில் புத்தகமே இல்லை. நீங்கள் நேரே கடைக்குப் போனீர்கள், நானும் கூட வந்தேன். "கட்டைப் பிரிச்சுக் குடுய்யா" என்றீர்கள். "அது கம்பெனி ரூல்ஸ்ம்மா" என்றான். அவன் மேஜைமேல் இருந்த கத்தியை எடுத்து நீங்களே சணலை அறுத்தீர்கள். புத்தகத்துக்கு உண்டான காசை வைத்தீர்கள். நோட்ஸை அவன் முகத்தில் அடித்தீர்கள், அவன் மூக்குக் கண்ணாடி தெருவில் போய் விழுந்தது. நான் அதை எடுத்துக் கொடுக்கப் போனேன். "சரோ, குனிஞ்சே, நடக்கிறதே வேற" என்று என் பின்னலைப் பிடித்து இழுத்தீர்கள்.

அந்த ஒரு புத்தகத்தைக் கொண்டு மொத்த வகுப்புக்கும் பாடம் கொடுத்தீர்கள். காப்பி எடுக்கிற தட்டுக்கு ஜெலட்டின் வாங்கக் கட்டுப்படியாகாது. "ரெண்டும் எலும்புதானேடி" என்று வச்சிரம் வாங்கி ஊறவைத்து, கிளிசரின் விட்டு, என் ஸயன்ஸ் ரூம் அடுப்பில் காய்ச்சி, ஹாஸ்டலில் பிடுங்கி வந்த அலுமினியத் தட்டில் ஊற்றி ஆறவைப்பீர்கள். காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பாடத்தின் சாரத்தை எழுதி, மேப் போட்டு நிலம் முழுக்கத் தீட்டுவீர்கள், உதடெல்லாம் ஊதாவாகிவிடும். எழுதிய தாளை இறுகின ஜெல்லிமேல் கவிழ்த்துத் தேய்த்தால் மை அதில் இறங்கிவிடும். பிறகு வெள்ளைத் தாளாக வைத்து வைத்து எடுக்க வேண்டியதுதான். முதல் தாள்கள் அழுத்தமாக வரும், போகப் போக மங்கிவிடும். வகுப்பில் கொடுப்பதற்கு உங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. அழுத்தமான தாள் கடைசி பெஞ்சுக்கு, மங்கல் தாள் முதல் மார்க் வாங்குகிறவளுக்கு. அவள் முனகினால், "உனக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியைக் கண்ணைக் கசக்கிக்கிட்டுப் படி" என்பீர்கள்.

கடைக்காரனுக்குச் சேதி போகாமல் இருக்குமா? ஒருநாள் மத்தியானம் அவன் ஆள் ஒருவன் வந்தான். கழுத்துப் பெருத்தவன். கேட்டில் வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு நேரே உங்கள் வகுப்புக்குள் நுழைந்தான். நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன், சத்தம் கேட்டு ஓடி வந்தேன். "காப்பிரைட் எங்க முதலாளிது. திருட்டுக் காப்பி எடுக்கிறீங்களா? குடுங்கடி எல்லாத்தையும்" என்று பெண்கள் கையிலிருந்து தாளைப் பறித்துக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சு தனம் விடவில்லை. அவளுக்கு வாழ்க்கையிலேயே முதன்முதலாகக் கிடைத்த அழுத்தமான தாள் அது, மார்போடு பிடித்துக்கொண்டாள். அவன் அவளைத் தள்ளினான். பெஞ்சு முனையில் வாய் மோதி உதடு கிழிந்து, அந்த ஊதாத் தாளெல்லாம் ரத்தம் ஆயிற்று.

சுவரில் தென்னிந்தியா தொங்கிக்கொண்டிருந்தது. அதை நீங்கள் ஆணியோடு பிடுங்கியதைத்தான் பார்த்தேன். மேலும் கீழும் தேக்குக் கழி போட்ட பெரிய துணி மேப். அதை ஒரே சுற்றாகச் சுருட்டி அவன் தோளில் இறக்கினீர்கள். கட்டை முறிவது போலச் சத்தம் கேட்டது. ஆனால் கழி முறியவில்லை. அவன் மண்டி போட்டு உட்கார்ந்து "அம்மா" என்றான். "அம்மாவையா கூப்பிடுறே? அவ வந்தா அவளுக்கும் ஒண்ணு வெப்பேன், உன்னைப் பெத்ததுக்கு" என்று இன்னொன்று போட்டீர்கள். நான் உங்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுக்காவிட்டால் அன்றைக்குக் கொலைதான். வகுப்பு ஒரே கூச்சல். தனம் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், விரல் இடுக்கில் ரத்தம் வழிய.

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் பஞ்சாயத்து. கடை முதலாளி வந்திருந்தான், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு. நம் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் அப்பா வக்கீல், அவரை ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டிருந்தார். உங்கள் துணைக்கு நான் கதவோரம் நின்றேன். டீச்சரை வேலையை விட்டுத் தூக்கு, இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தின் மேலேயே கேஸ் என்று முதலாளி குதித்தான். வக்கீல் நிதானமாகப் பேசினார். "புதுசா சட்டம் வந்திருக்குங்க. வகுப்புல பாடம் நடத்துறதுக்காக ஒரு வாத்தியார் காப்பி எடுத்துக் குடுத்தா அது திருட்டு இல்ல. பரீட்சைக் கேள்வியில போட்டாலும் இல்ல. இதுல உங்க பாச்சா பலிக்காது. ஆளை அடிச்சது தப்புதான். ஆனா உங்க ஆளு குழந்தையை ரத்தம் வரத் தள்ளியிருக்கான். கோர்ட்டுக்குப் போனா ரெண்டையும்தான் கேப்பாங்க." முதலாளி புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு வக்கீல் உங்கள் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணும்மா. வகுப்போட நிக்கிற வரைக்கும் சட்டம் உங்க பக்கம். அதுலேர்ந்து ஒரு தாள் வெளியில காசுக்குப் போச்சு, அன்னிக்கு இவர் பக்கம்."

பேசாமல் தலையை ஆட்டியிருக்கலாம் இல்லையா? உங்களுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. மேஜையில் ஓங்கி அடித்தீர்கள், மசிக்கூடு கவிழ்ந்தது. "என் தாள் ஒண்ணு காசுக்குப் போச்சுன்னா யாரும் என்னைத் தூக்க வேண்டாம். நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்" என்றீர்கள். முதலாளி முதல் தடவையாகச் சிரித்தான். "இவங்க எல்லாரும் சாட்சி" என்று எழுந்து போனான்.

தட்டு இனிமேல் பள்ளிக்கூடத்துக்குள் இருக்கக் கூடாது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். நீங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவோ வச்சிர நாற்றத்துக்கே போலீசைக் கூப்பிடுகிறவள். அதனால் தட்டு என் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து காப்பி எடுப்போம். எடுத்து முடித்ததும் வெந்நீரில் துணியை நனைத்து ஜெல்லியைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்து அதிலேயே கிடக்கும். "கெடக்கட்டும், தானா உள்ளே எறங்கிடும். துடைச்சுத் துடைச்சு ஜெல்லி தேயுது" என்பது உங்கள் சிக்கனம். நான் உங்களைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவிட்டுப் பூ வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். அந்த இடைவெளியில் வீட்டில் இருந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். ஆபீஸ் வேலை போகத் தெப்பக்குளத்தண்டை ஒரு டுட்டோரியலில் மாலை வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தார் அவர்.

ஆடி மாசம், காவிரியில் தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்த சமயம். முதலாளி மறுபடி வந்தான். ஒரு கட்டு ஊதாத் தாளை ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜைமேல் போட்டான். டுட்டோரியலில் விற்றதாம், ஆள் விட்டு வாங்கினானாம். உங்கள் கையெழுத்து. நீங்கள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன், காரணம்தான் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அந்தக் கட்டில் ஒரு தாள்கூட அழுத்தமாக இல்லை. அத்தனையும் மங்கல். நம் பெண்கள் விற்றிருந்தால் அழுத்தமும் மங்கலும் கலந்து இருக்கும். எல்லாமே மங்கல் என்றால், நாம் எடுத்து முடித்தபின் தட்டில் மிச்சம் இருந்த மையிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். தட்டு இருந்தது என் வீட்டில்.

நீங்கள் நேரே வகுப்புக்குப் போய்ச் சுவரிலிருந்து தென்னிந்தியாவைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தீர்கள். நான் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, என்னன்னு சொல்லுங்க அக்கா" என்று கெஞ்சினேன். பஸ்ஸில் கண்டக்டர், "என்னங்கம்மா, தென்னிந்தியாவுக்கும் ஒரு டிக்கெட் போடவா?" என்று கேட்டார். நீங்கள் பார்த்த பார்வையில் அவர் முன்பக்கம் போய்விட்டார். பாலத்தில் போகும்போது ஆற்றைப் பார்த்தபடி, "உன் வீட்டுக்காரர் இப்ப வீட்ல இருப்பாரா?" என்று கேட்டீர்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அண்ணாந்து பார்ப்பதற்குள் சாப்பாட்டுத் தட்டைக் காலால் எத்தினீர்கள். ரசம் சுவரெல்லாம் தெறித்தது. "வித்தியா?" என்றீர்கள். மரியாதை எல்லாம் வாசலிலேயே போய்விட்டது. அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. "மிச்ச மை வீணாத்தானே போகுது? டுட்டோரியல்காரர் கேட்டார், குடுத்தேன். என்னமோ உங்க சொத்து மாதிரி பேசறீங்களே! நீங்களே அடுத்தவன் புத்தகத்திலேர்ந்து எடுத்ததுதானே அது?" என்றார்.

முதல் அடி அவர் முதுகில் விழுந்தது, எச்சில் கையோடு குப்புற விழுந்தார். "தனம் படிக்கிறதுக்கு எடுத்தேன்டா! நீ விக்கிறதுக்கு எடுத்தே!" என்று கத்தினீர்கள். இரண்டாவது அடிக்குக் கழி உங்கள் தலைக்கு மேலே போனது. அது அவர் பிடரியைப் பார்த்து இறங்கியது. நான் குறுக்கே கையை நீட்டினேன். புருஷனைக் காப்பாற்ற நீட்டினேனா, உங்களைத் தூக்கு மேடையிலிருந்து காப்பாற்ற நீட்டினேனா என்று ஊரார் கேட்டார்கள். உங்களைத்தான். அவர் காதுபடவே அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். என் வலது சுண்டுவிரல் படாரென்று போயிற்று.

கழி கீழே விழுந்து உருண்டது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி நடுவுல வந்தே, பாவி, ஏண்டி வந்தே" என்று என்னையே இடது கையால் அறைந்தீர்கள். அறைந்துகொண்டே அழுதீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தரையில் கிடந்த ரசக் கரண்டியை எடுத்து என் வீட்டுக்காரர் தோளில் ஒன்று வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் அழுகையை நிறுத்தினீர்கள்.

மறுநாள் கையில் கட்டோடு வந்து ஹெட்மிஸ்ட்ரஸிடம் கெஞ்சினேன். அந்த அம்மாள் நல்லவர். "யார் வித்ததுன்னு பேரைச் சொல்லட்டும். முதலாளியை நான் பாத்துக்கறேன். இவங்க போக வேண்டாம்" என்றார். நீங்கள் சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வேலை போகும், என் வீடு தெருவுக்கு வரும். எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். "உங்க வீராப்புல மண்ணைப் போட! வார்த்தைதானே, விழுங்குங்க" என்று நான் எல்லார் எதிரிலும் கத்தினேன். "வார்த்தையை முழுங்கிட்டு எந்த வாயால பாடம் சொல்றதுடி?" என்றீர்கள். அந்த ஒரு கேள்விக்காக இன்னமும் உங்கள்மேல் கோபம்தான்.

போகிற வழியில் அந்தக் கடையில் ஏறினீர்கள். அதே கத்தி, அதே மேஜை. அடுக்கி வைத்திருந்த கட்டுகளின் சணலை ஒவ்வொன்றாக அறுத்துத் தள்ளினீர்கள். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தான். மேப் கழி உங்கள் கக்கத்தில் இருந்ததால் யாரும் கிட்டே வரவில்லை. வெளியே வந்ததும் மேப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அவன் அதற்காகத் திருந்திவிடவில்லை, அக்கா. அடுத்த வருஷம் இன்னும் தடித்த சணலாகப் போட்டுக் கட்டினான்.

அதற்கப்புறம் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டீர்கள். ஒரே ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தோம். உட்கார்ந்ததும் என் கையைத்தான் இழுத்துப் பார்த்தீர்கள். "கோணலா ஒட்டியிருக்கே. எந்த மடையன்டி கட்டுப் போட்டான்?" என்றீர்கள். கையை விடாமலே, "மன்னிப்புக் கேப்பேன்னு பாக்கிறியா?" என்றீர்கள். "கேட்டீங்கன்னா இதே கையால அறைவேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இறங்கும்போது, "தட்டு என்ன ஆச்சு?" என்று கேட்டீர்கள். "நான்தான் வெச்சிருக்கேன்" என்றேன். "துடைக்கிறியா?" என்றீர்கள். நான் தலையாட்டினேன், பஸ் கிளம்பிவிட்டது.

துடைக்கிறேன் அக்கா. நீங்கள் போனதும் உங்கள் பாடம் என் தலையில் வந்து விழுந்தது. தென்னிந்தியா இப்போது என் வகுப்பில் தொங்குகிறது. அதை எப்போது வீட்டுக்கு எடுத்து வந்தாலும் என் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் போய்விடுகிறார். புது ஹெட்மிஸ்ட்ரஸிடம் சண்டை போட்டுத் தட்டைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். அழுத்தமான தாள் கடைசி பெஞ்சுக்குத்தான் போகிறது. எடுத்து முடித்த கையோடு, பெண்கள் பார்க்க, வெந்நீர்த் துணியால் கடைசிப் பொட்டு மை வரைக்கும் துடைக்கிறேன்.

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. துடைக்கும்போது என் கோணல் விரல் துணிக்குள் அடங்குவதில்லை. உள்பக்கமாக மடங்கி நிற்கிற அதன் நகம் ஜெல்லியில் ஒரு கீறல் போட்டுவிடுகிறது. அந்தப் பள்ளத்தில் மை ஏறுவதில்லை. எத்தனை தடவை உருக்கி ஊற்றினாலும் அடுத்த தடவை துடைக்கையில் அதே இடத்தில் விழுகிறது. எந்தப் பாடத்தை எடுத்தாலும், எந்த மேப்பை எடுத்தாலும், நடுவே வளைந்து போகிற ஒரு வெள்ளைக் கோடு வந்துவிடுகிறது.

அரைப் பரீட்சையில் ஆறுகளைக் குறிக்கச் சொல்லித் தென்னிந்திய மேப் வரையச் சொல்லியிருந்தேன். திருத்த உட்கார்ந்தால், காவிரிக்குக் கொஞ்சம் தெற்கே, எந்த அட்லஸிலும் இல்லாத ஓர் ஆற்றை எல்லாப் பெண்களும் வரைந்திருக்கிறார்கள். என் தாளைப் பார்த்துப் படித்தவர்கள் வேறு எதை வரைவார்கள்? கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி அதற்கு நீலம் வேறு தீட்டியிருந்தாள். சிவப்பு மையைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் எல்லாரையும் நிற்க வைத்துக் காதைத் திருகியிருப்பீர்கள்.

ஆசாரியிடம் மிச்சம் இருக்கிற வச்சிரத்தை எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்ததும் புதுத் தட்டு ஊற்ற வேண்டும். அந்த ஆறு அதிலும் ஓடத்தான் போகிறது. நான் யாருக்கும் மார்க் குறைக்கவில்லை, அக்கா.

உங்கள்
சரோ